லுவாவைச் செயலிக்குள் வைத்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

திருகோணமலையில் மீன் கொள்முதல் நிலையங்களுக்கும் நிலாவெளிப் படகுச் சீட்டுக் கவுண்டர்களுக்கும் விற்கப்படும் பில்லிங் மென்பொருளில் அடிக்கடி மாறுவது விலை விதிதான். அறுக்குளாவுக்கு எடைக்கேற்ற விலை, ஐஸ் கழிவு, புறாத்தீவுச் சவாரிக்கு உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறொன்று, மாரியில் ஒரு விலை, சீசனில் ஒரு விலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி++ நிரலைத் திரும்பக் கம்பைல் செய்து கிண்ணியா, மூதூர் என்று கடை கடையாகக் கொண்டு திரிய முடியாது. அதனால்தான் விதிகளை லுவா என்ற சிறிய ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, அதை ஓட்டும் இன்டர்பிரிட்டரைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடுகிறோம்.

வைத்தபின் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சி++ பக்கமும் லுவா பக்கமும் கைமாறும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஸ்கிரிப்டை வரி வரியாகக் குடைவதற்கு முன் அந்த எல்லையைப் பாருங்கள்.

இங்கே சொல்வது லுவா 5.4ஐ வைத்து. 5.1, 5.3இல் வேறுபடும் இடங்களைத் தனியே குறித்திருக்கிறோம். ஏபிஐ பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தலைப்புக் கோப்பில் அவற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை பில்டு தயார் செய்யுங்கள். லுவா மூலக்கோப்புகளை 'லுவா_யூஸ்_ஏபிஐசெக்' என்ற மேக்ரோவோடு கம்பைல் செய்தால், தவறான ஸ்டாக் (சி++ பக்கமும் லுவாவும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கு) எண், இல்லாத இடத்தில் பாப் (எடுத்தல்), இடம் போதாத புஷ் (தள்ளுதல்) எல்லாம் நடந்த இடத்திலேயே அசெர்ட் ஆகி நிற்கும். வழக்கமான பில்டில் இதே தவறுகள் சத்தமில்லாமல் மெமரியைக் கெடுத்துவிட்டு, தொடர்பே இல்லாத வேறு இடத்தில் வெடிக்கும். கீழே உள்ளவற்றில் ஸ்டாக் சார்ந்தவற்றை இந்த ஒரு மேக்ரோவே காட்டிக்கொடுத்துவிடும்.

செயலி ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது

பாதுகாப்பில்லாத அழைப்பில் பிழை எழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். லுவாவில் பிழை எழும்போது அதைப் பிடிக்க மேலே ஒரு லுவா_பீகால் (பிழையைப் பிடித்துத் திருப்பித்தரும் பாதுகாப்பான அழைப்பு) இல்லாவிட்டால், பேனிக் ஃபங்ஷன் அழைக்கப்படும். அது திரும்பி வந்தவுடன் லுவா அபார்ட் செய்து முழுச் செயலியையும் நிறுத்திவிடும். லுவாஎல்_நியூஸ்டேட் வைத்துத்தரும் பேனிக் ஃபங்ஷன் ஒரு செய்தியை எழுதத்தான் செய்கிறது. ஆனால் எழுதுவது ஸ்டாண்டர்ட் எரரில். கன்சோல் இல்லாத விண்டோஸ் செயலியில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எல்லா ஸ்கிரிப்டையும் பீகால் வழியாகத்தானே ஓட்டுகிறோம்" என்று தோன்றும். பெரும்பாலும் தவறு நடப்பது ஸ்கிரிப்டை ஓட்டும் வரியில் அல்ல, ஓட்டி முடிந்தபின் விடையை எடுக்கும் வரியில். விலை விதி ஒரு டேபிளைத் திருப்பித்தரும் என்று நம்பி, ஸ்டாக்கின் உச்சியில் லுவா_கெட்ஃபீல்ட் போட்டு 'மொத்தம்' என்ற புலத்தை எடுக்கிறீர்கள். ஸ்கிரிப்ட் எழுதியவர் ஒரு கிளையில் ரிட்டர்னை மறந்துவிட்டார். உச்சியில் இருப்பது நில், அதாவது லுவாவின் வெற்று மதிப்பு. நில்லை இன்டெக்ஸ் செய்தால் அது லுவா பிழை. அந்த வரி பீகாலுக்கு வெளியே இருக்கிறது. கதை முடிந்தது.

நீக்கும் முறை: லுவாவைத் தொடும் வேலை முழுவதையும், அதாவது ஆர்கியுமென்ட் தள்ளுவது, ஸ்கிரிப்டை அழைப்பது, விடையைப் பிரித்தெடுப்பது எல்லாவற்றையும், ஒரே சி ஃபங்ஷனுக்குள் வையுங்கள். வெளியிலிருந்து அந்த ஃபங்ஷனை லுவா_புஷ்சிஃபங்ஷன் மூலம் தள்ளி, தேவையான சுட்டியை லைட் யூசர்டேட்டாவாக (லுவா வெறும் சுட்டியாக மட்டும் வைத்திருக்கும் மதிப்பு) கொடுத்து, ஒரே ஒரு பீகாலில் அழையுங்கள். லுவாவோடு வரும் கட்டளை நிரலே தன் மெயினை இப்படித்தான் எழுதியிருக்கிறது. லுவா_புஷ்ஸ்டிரிங், லுவா_நியூடேபிள் போன்ற சாதுவான அழைப்புகளும் மெமரி போதாவிட்டால் பிழை எழுப்பும். இந்த அமைப்பில் அவையும் பாதுகாப்புக்குள் வந்துவிடும்.

கூடவே லுவா_அட்பேனிக்கில் சொந்த ஃபங்ஷன் ஒன்றை வைத்து, செய்தியை லாக் கோப்பில் எழுதி ஃப்ளஷ் செய்யுங்கள். அது கோளாறைத் தீர்க்காது. ஆனால் கடைக்காரர் "தானா மூடுப்பட்டுட்டுது" என்று போனில் சொல்லும்போது பார்க்க ஒரு வரியாவது இருக்கும்.

பிழை பிடிபடுகிறது, பிறகு அதே செயலி உறைகிறது

இது மேலே உள்ளதன் மறைமுக வடிவம். சி ஆகக் கம்பைல் செய்த லுவா, பிழையை லாங்ஜம்ப் (இடையிலுள்ள ஃபங்ஷன்களை முடிக்காமலே பின்னால் குதிக்கும் சி வசதி) கொண்டு தாண்டிச் செல்கிறது. இடையில் உங்கள் சி++ ஃபங்ஷன் ஒன்று லாக்-கார்ட் போட்டு மியூடெக்ஸைப் பூட்டியிருந்தால், அதன் டிஸ்ட்ரக்டர் ஓடாது, பூட்டு திறக்காது. அடுத்த பில் அந்தப் பூட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். விஷுவல் சி++ தன் லாங்ஜம்பில் ஸ்டாக்கை அவிழ்த்துக்கொண்டு போவதால் விண்டோஸில் இது தெரியாமலே இருந்து, லினக்ஸ் பில்டில் முதல்முறை முகம் காட்டுவதுண்டு.

இரண்டு வழி. லுவாவின் மூலக்கோப்புகளையே சி++ கம்பைலரில் கம்பைல் செய்தால் பிழைகள் சி++ எக்செப்ஷனாக மாறிவிடும், டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். அப்போது எக்ஸ்டர்ன்-சி சுற்றுள்ள எச்பிபி தலைப்பை விட்டு, நேரடி எச் தலைப்பைச் சேர்க்க வேண்டும். உங்கள் ஃபங்ஷன்களில் எல்லாவற்றையும் விழுங்கும் கேட்ச் இருந்தால் லுவாவின் பிழையையும் அது விழுங்கிவிடும். அதையும் தேடி எடுங்கள். மற்ற வழி, சி ஆகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சி++ ஃபங்ஷனையும் இரண்டாகப் பிரிப்பது: உள்ளே உள்ள பகுதி வேலையைச் செய்து வெற்றியா தோல்வியா என்று மட்டும் சொல்லும், வெளிப்பகுதி எந்தச் சி++ பொருளும் கையில் இல்லாத நிலையில் லுவாஎல்_எரரை அழைக்கும். ஏற்கனவே விற்பனையில் இருக்கும் மென்பொருளுக்கு இரண்டாவதே நல்லது. பழைய நிரலில் கேட்ச் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தீராது.

எதிர்த்திசையும் உண்டு. சி++ எக்செப்ஷன் ஒன்று லுவாவின் சி ஃபிரேம்களைத் தாண்டி வெளியே போகக்கூடாது. பதிவு செய்யும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளேயும் பிடித்துவிடுங்கள்.

பிழைச் செய்தி வருகிறது, இடம் தெரியவில்லை

பீகால் திரும்பிய பிறகு ட்ரேஸ்பேக் எடுக்க முடியாது. அழைப்பு வரிசை அதற்குள் அவிழ்ந்துவிடும். லுவாஎல்_ட்ரேஸ்பேக்கை அழைக்கும் சிறு ஃபங்ஷனை மெசேஜ் ஹேண்ட்லராக, பீகாலின் கடைசி ஆர்கியுமென்டில் அதன் ஸ்டாக் இடத்தைக் கொடுத்து வையுங்கள். ஹேண்ட்லரை ஆர்கியுமென்டுகளுக்கும் ஃபங்ஷனுக்கும் கீழே செருக வேண்டும்.

பிழைச் செய்தியை அச்சிடும்போதே செயலி விழுந்தால், ஸ்கிரிப்ட் ஸ்டிரிங்குக்குப் பதில் டேபிளையோ நில்லையோ பிழையாக எறிந்திருக்கும். லுவா_டுஸ்டிரிங் அப்போது நல் (வெற்றுச் சுட்டி) தரும். அதை அப்படியே ஸ்டாண்டர்ட் ஸ்டிரிங்கில் போட்டால் விழாமல் என்ன செய்யும்? இந்த இடத்தில் லுவாஎல்_டுஎல்ஸ்டிரிங் பயன்படுத்துங்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு ஸ்டிரிங் தரும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, பின்னேரம் விழுகிறது

மூன்று காரணங்கள். முதலாவது ஸ்டாக் கசிவு. பீகால் தோற்றால் பிழைச் செய்தி ஸ்டாக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதை எடுத்துப்போடாமல் விட்டால் ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் இடம் போகும். லுவா உத்தரவாதம் தருவது 20 இடங்களுக்கு மட்டுமே. அதற்கு மேல் லுவா_செக்ஸ்டாக் கேட்டிருக்க வேண்டும். அந்த 20ஐத் தாண்டினாலும் உடனே வெடிக்காது, அதுதான் தொல்லை. ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் லுவா_கெட்டாப் எண்ணைக் குறித்து, முடிவில் ஒப்பிட்டு, வேறுபட்டால் லாக் செய்யுங்கள். லாக் செய்தபின் லுவா_செட்டாப் கொண்டு பழைய எண்ணுக்கே கொண்டுவந்துவிடுவது கடையில் ஓடும் பில்டுக்குப் பொருந்தும். சோதனை பில்டில் அப்படி மூடி மறைக்காமல் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, லுவாஎல்_ரெஃப் எடுத்துவிட்டு அன்ரெஃப் செய்யாதது. பட்டனுக்குக் கால்பேக் கொடுக்கும் இடங்களில் இது வழக்கம். திரை மூடும்போது அன்ரெஃப் மறந்துபோகும். லுவாவின் உள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸினது அல்ல) கிடக்கும் அந்த ஃபங்ஷன் தன் அப்வேல்யூக்களையும், அதாவது அது பிடித்துக்கொண்ட வெளி மாறிகளையும், சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாவது, குப்பை சேகரிப்பானின் கண்ணுக்குத் தெரியாத மெமரி. வெப்ப அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாததால் பற்றுச்சீட்டைப் படமாக்கித்தான் அனுப்புகிறோம். 80 மில்லிமீட்டர் தாளுக்கு 576 புள்ளி அகலம், 1,200 புள்ளி நீளம், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு சீட்டுக்கு 27 லட்சம் பைட்டுக்கு மேல். லுவாவுக்குத் தெரிவதோ அந்தப் படத்தைச் சுட்டும் சில பத்து பைட் யூசர்டேட்டா மட்டும். குப்பை கொஞ்சம்தானே என்று அது அவசரப்படாது. நூறு சீட்டில் 270 மெகாபைட் போய்விடும். கலெக்ட்கார்பேஜ் 'கவுன்ட்' சிறிய எண்ணையும் டாஸ்க் மேனேஜர் பெரிய எண்ணையும் காட்டினால் இதுதான் நோய். 5.4இல் அந்தப் பொருளுக்கு 'க்ளோஸ்' மெட்டாமெத்தட் வைத்து, ஸ்கிரிப்டில் லோக்கல் மாறியை க்ளோஸ் குறியோடு எழுதவையுங்கள். பிளாக் முடிந்ததும் படம் விடுபடும். இல்லையென்றால் படத்துக்கான இடத்தையே யூசர்டேட்டாவுக்குள் ஒதுக்குங்கள், அப்போது லுவாவின் கணக்கில் ஏறும்.

தொகை தவறு

பற்றுச்சீட்டில் 150க்குப் பதில் "150.0" வருகிறதா? 5.1இலிருந்து 5.3க்கோ 5.4க்கோ மாறியிருப்பீர்கள். 5.3 முதல் முழு எண்ணும் தசம எண்ணும் தனித்தனி வகை; ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் தசமமே தரும். 300ஐ 2ஆல் வகுத்தால் 150.0. முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு.

மொத்தம் 0 என்று வந்தால் சி++ பக்கத்தில் லுவா_டுஇன்டிஜர் இருக்கிறதா பாருங்கள். 8280.5ஐ 5.1 வெட்டி 8280 ஆக்கியது. 5.3 முதல் அதை மாற்ற மறுத்து, பிழையும் சொல்லாமல் 0 தருகிறது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த ஃபங்ஷனைத் தடை செய்துவிடலாம். வெற்றியா என்று சொல்லும் லுவா_டுஇன்டிஜர்எக்ஸ் அல்லது லுவாஎல்_செக்இன்டிஜர் மட்டும் போதும்.

மாத மொத்தம் திடீரென்று மைனஸில் போனால், சதத்தில் வைத்த தொகையை 32 பிட் இன்ட்டில் அடைத்திருக்கிறீர்கள். லுவாவின் முழு எண் 64 பிட். இன்ட்டின் உச்சம் 2,147,483,647 சதம். அதாவது 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரம் ரூபா சொச்சம். சீசனில் பெரிய மீன் வாடி ஒன்றின் கணக்கு அதைத் தாண்டுவது அதிசயமில்லை. விண்டோஸில் 'லாங்' என்பதும் 32 பிட்தான், 64 பிட் பில்டிலும்கூட. லுவா_இன்டிஜர் வகையை அப்படியே கடைசிவரை கொண்டுபோங்கள்.

சதக் கணக்கில் ஒன்று கூடிக் குறைகிறது என்றால் தசமத்தில் பெருக்குவதை விட்டுவிடுங்கள். எடையைக் கிராமிலும் விலையைச் சதத்திலும் முழு எண்ணாக வையுங்கள். 3,450 கிராம் அறுக்குளா, கிலோ 2,400 ரூபா: 3450ஐ 240000ஆல் பெருக்கி, 500 கூட்டி, 1000ஆல் இரட்டைச் சாய்கோட்டில் வகுத்தால் 828000 சதம், 8,280 ரூபா. அந்த 500 அருகிலுள்ள சதத்துக்கு முழுமையாக்க. இன்னொரு பொறி: இரட்டைச் சாய்கோடு எப்போதும் கீழ்நோக்கியே போகும். 1501ஐ 1000ஆல் வகுத்தால் 1, மைனஸ் 1501ஐ வகுத்தால் மைனஸ் 2. மீன் திரும்பிவரும் மறுசீட்டுகளில் தொகையை நேர் எண்ணாகக் கணித்து, கடைசியில் குறியை மாற்றுங்கள்.

தமிழ் எழுத்து உடைகிறது, விலை நிரல் சரிகிறது, பெயர் பொருந்தவில்லை

லுவாவுக்கு ஸ்டிரிங் என்பது பைட் வரிசை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடு எண் பெற்ற அலகு) 3 பைட், சிங்களத்துக்கும் அப்படியே. 'அறுக்குளா' கண்ணுக்கு ஐந்தெழுத்து, குறியீட்டுப் புள்ளி 9, பைட் 27. இதை 20 இடம் ஒதுக்கும் ஸ்டிரிங்.ஃபார்மட் வடிவத்தில் கொடுத்தால், ஏற்கனவே 27 இருப்பதால் ஓர் இடைவெளிகூடச் சேராது. 'பாரை' 12 பைட். அதற்கு 8 இடைவெளி சேரும். சீட்டில் விலை நிரல் கோணல்மாணலாக வருவது இதனால். 'அறுக்குளா'வை 20 பைட்டுக்கு வெட்டச் சொன்னால் ஆறு புள்ளிகள் முழுதாகவும் ஏழாவதின் இரண்டு பைட்டும் மிஞ்சும். கடைசியில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும்.

யூடிஎஃப்8 நூலகத்தின் லென் கொண்டு சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். அது குறியீட்டுப் புள்ளிகளை எண்ணும், அகலத்தை அல்ல. 'ணை', 'ழி', 'ர்' மூன்றும் தாளில் மூன்று அகலம். எழுத்துருவை வரையும் சி++ பக்கத்திலிருந்து அகலத்தை அளந்துசொல்லும் ஒரு ஃபங்ஷனை ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். விலை நிரலை அச்சுப் புள்ளிக் கணக்கில் அமையுங்கள். வேறு எந்த வழியும் அரைகுறைதான்.

தேடினால் 'திருகோணமலை' கிடைக்கவில்லை, கண்ணெதிரே இருக்கிறது என்றால், 'ோ' இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும்: ஒற்றைப் புள்ளியாக ஒன்று, 'ே' பிறகு 'ா' என்று இரண்டு புள்ளியாக ஒன்று. முதலாவது 30 பைட், இரண்டாவது 33. லுவா பைட்டை ஒப்பிடுவதால் இரண்டும் வேறு. தட்டச்சு செய்த பெயர் லுவாவுக்குள் போகும் முன்பே சி++ பக்கத்தில் என்எஃப்சி (ஒற்றைப் புள்ளியாகச் சேர்த்தெழுதும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றுங்கள். பழைய தரவுத்தளத்தையும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஸ்கிரிப்ட் ஏறும்போதே "அன்எக்ஸ்பெக்டட் சிம்பல்" என்று நின்றால், அருகே வரும் எண்ணைப் பாருங்கள். 239 என்றால் கோப்பின் தலையில் பிஓஎம் (யூடிஎஃப்-8 என்று காட்டும் 3 பைட் குறி) இருக்கிறது. லுவாஎல்_லோட்ஃபைல் அதைத் தாண்டிப் போகும், லுவாஎல்_லோட்பஃபர் தாண்டாது. நீங்களே கோப்பைப் படித்துக் கொடுப்பதென்றால் முதல் 3 பைட்டை நீங்களே நீக்க வேண்டும். 224 என்றால் யாரோ மாறிக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமான லுவாவில் அது செல்லாது. டேபிளின் சாவியாகச் சதுர அடைப்புக்குள், மேற்கோளோடு எழுதினால் செல்லும்.

விண்டோஸில் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புறை திறக்கவில்லையா? லுவா பயன்படுத்துவது எஃப்ஓபன். அது ஆன்சி கோட்பேஜில் பெயரைப் படிக்கும். தமிழுக்கு ஆன்சி கோட்பேஜே கிடையாது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து மேனிஃபெஸ்டில் செயலியின் கோட்பேஜை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். அதற்கு முந்தைய கணினிகள் கடைகளில் இன்னும் இருக்கின்றன. அங்கே கோப்பைச் சி++ பக்கம் திறந்து பஃபராகக் கொடுங்கள்.

பிழைச் செய்தியில் கோப்பின் பெயர் மட்டும் குப்பையாகத் தெரிந்தால், அது 60 பைட் வரம்பு. பெயரும் பாதையும் அதற்குள் அடங்காவிட்டால் லுவா வெட்டும். 3 பைட் எழுத்தின் நடுவில் வெட்டுவது சாதாரணம். லுவா_ஐடிசைஸைக் கூட்டிக் கம்பைல் செய்யலாம். கோப்புக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வைப்பது அதைவிட எளிது.

விலையை மாற்றினாலும் பழைய விலையே வருகிறது

மாரி முடிந்து புதிய விதிக்கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து மாற்றியாயிற்று. சீட்டில் போன சீசன் விலை. ரிக்வயர் ஒருமுறை ஏற்றிய மாட்யூலை பேக்கேஜ்.லோடட் டேபிளில் வைத்துக்கொண்டு, திரும்பக் கேட்டால் அதையே தரும். அந்தப் பதிவை நில் ஆக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது பாதி வைத்தியம். பழைய ஃபங்ஷன்களைப் பிடித்திருக்கும் மற்ற மாட்யூல்களும் ரெஃப்களும் அப்படியே இருக்கும். புதிதாக ஒரு ஸ்டேட் (லுவாவின் தனி இயக்கச் சூழல்) திறந்து, விதிகளை அதில் ஏற்றி, விடை தெரிந்த சில பில்களைப் போட்டுப் பார்த்து, சரியென்றால் பழைய ஸ்டேட்டை மூடி இதற்கு மாறுங்கள். ஸ்டேட் திறப்பது மலிவான வேலை. புதிய கோப்பில் எழுத்துப்பிழை இருந்தாலும் பழையதோடு கடை ஓடிக்கொண்டிருக்கும்.

"மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்று அலுவலகத்தில் வராமல் கடையில் மட்டும் வந்தால், பேக்கேஜ்.பாத் நடப்புக் கோப்புறையை நம்பி இருக்கிறது. ஷார்ட்கட்டிலிருந்து திறந்தால் அந்தக் கோப்புறை வேறு. செயலி இருக்கும் இடத்தைக் கண்டறிந்து முழுப் பாதையை நீங்களே எழுதுங்கள். கணினியில் வேறு யாராவது லுவா_பாத் சூழல் மாறியை வைத்திருந்தால் அதுவும் குறுக்கிடும். நூலகங்களைத் திறக்கும் முன் லுவாவின் ரெஜிஸ்ட்ரியில் 'லுவா_நோஎன்வ்' புலத்தை ட்ரூ ஆக்கினால் சூழல் மாறிகளை லுவா கண்டுகொள்ளாது.

ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்றுகிறது

லுவா_செட்ஹுக்கில் (ஸ்கிரிப்ட் ஓடும்போது இடையிடையே லுவா அழைக்கும் ஹுக் ஃபங்ஷனை வைப்பது) கவுன்ட் மாஸ்க் வைத்து, ஒரு லட்சம் கட்டளைக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தாண்டினால் லுவாஎல்_எரர் எழுப்புங்கள். இதில் இரண்டு ஓட்டை. வட்டத்துக்குள் பீகால் இருந்தால் உங்கள் பிழையை அதுவே விழுங்கிவிட்டுத் திரும்பச் சுற்றும். அதனால் நேரம் தாண்டியதும் ஹுக்கின் எண்ணிக்கையை 1ஆகக் குறையுங்கள். பீகாலுக்கு வெளியே வந்த அடுத்த கட்டளையிலேயே மறுபடி பிழை எழும். மற்றது, சிக்கலான பேட்டர்னோடு ஸ்டிரிங்.ஃபைண்ட் ஓடும்போது கட்டுப்பாடு சி பக்கம் இருக்கிறது. ஹுக் அழைக்கப்படவே மாட்டாது. லுவாஜிட் (ஓடும்போதே கம்பைல் செய்யும் லுவா வகை) என்றால் கம்பைல் ஆன வட்டத்துக்குள்ளும் ஹுக் வராது. கடைக்காரரே விதி எழுத வசதி கொடுப்பதானால் ஸ்கிரிப்டைத் தனி பிராசஸில் ஓட்டி, நேரம் போனால் அதைக் கொல்வதுதான் உறுதி.

மெமரிக்கும் அதே கவனம் வேண்டும். ஸ்டிரிங்.ரெப் கொண்டு ஒரே வரியில் ஒரு ஜிகாபைட் கேட்க முடியும். சொந்த அலொகேட்டரை லுவா_நியூஸ்டேட்டுக்குக் கொடுத்து, மொத்தத்தை எண்ணி, வரம்பைத் தாண்டினால் நல் திருப்புங்கள். லுவா முதலில் குப்பையைச் சேகரித்துப் பார்க்கும், அதற்கும் போதாவிட்டால் மெமரிப் பிழை எழுப்பும். முதல் அறிகுறிக்குச் சொன்ன பீகால் அமைப்பு இருந்தால் அது சாதாரணத் தோல்வியாக வந்துசேரும்.

வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் குப்பை எழுத்து. அல்லது தொட்டவுடன் விழுகிறது

லுவா_டுஸ்டிரிங் தரும் சுட்டி லுவாவுக்குச் சொந்தம். அந்த மதிப்பை ஸ்டாக்கிலிருந்து எடுத்துப்போட்டபின் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். அதே வரியில் நகலெடுங்கள்.

மறுதலையாக, சி++ பொருளை ஸ்கிரிப்ட் பிடித்துக்கொண்டிருப்பது. 'சவாரி' என்ற பதிவைக் கொடுத்தீர்கள், ஸ்கிரிப்ட் அதை ஒரு குளோபலில் வைத்தது, சி++ பக்கம் அதை அழித்தது, அடுத்த பில்லில் ஸ்கிரிப்ட் செத்த பொருளைத் தொட்டது. வெறும் சுட்டியை லைட் யூசர்டேட்டாவாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். முழு யூசர்டேட்டாவுக்குள் சுட்டியை வைத்து, பொருள் அழியும்போது அந்தச் சுட்டியை நல் ஆக்குங்கள். ஒவ்வொரு மெத்தடும் லுவாஎல்_செக்யூடேட்டாவுக்குப் பிறகு சுட்டி நல் ஆகியிருக்கிறதா என்று பார்த்து ஒழுங்கான பிழை எழுப்பட்டும். ஷேர்டு பாயின்டரை உள்ளே வைத்து, ஜிசி மெட்டாமெத்தடில் அதன் டிஸ்ட்ரக்டரை அழைப்பதும் நடக்கும். ஆனால் அப்போது பொருள் எப்போது சாகும் என்பதைக் குப்பை சேகரிப்பான் தீர்மானிக்கும். படகு இருக்கையைப் பிடித்துவைத்திருக்கும் பதிவுக்கு அது சரிவராது.

காரணமே தெரியாமல் எங்கெங்கோ விழுகிறது

தரவை மேலே அனுப்பும் த்ரெட்டும் திரை த்ரெட்டும் ஒரே ஸ்டேட்டைத் தொடுகின்றனவா? லுவா தானாக எதையும் பூட்டாது. லுவா_நியூத்ரெட் தருவது கோரூட்டீன்தான் (நடுவில் யீல்ட் செய்து நின்று பின் தொடரும் ஓட்டம்), உண்மையான த்ரெட் அல்ல. குப்பை சேகரிப்பானும் குளோபல்களும் பொது. த்ரெட்டுக்கு ஒரு ஸ்டேட், இடையே செய்தி வரிசை. வேறு வைத்தியம் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

"அட்டெம்ப்ட் டு யீல்ட் அக்ராஸ் எ சி-கால் பவுண்டரி" என்பது வேறு விஷயம். கோரூட்டீனுக்கும் யீல்டுக்கும் நடுவே ஒரு சி ஃபங்ஷன் நிற்கிறது: டேபிள்.சார்ட்டின் ஒப்பீட்டு ஃபங்ஷன், ஜிசப்பின் கால்பேக், அல்லது உங்கள் சொந்த லுவா_கால். உங்களுடையதென்றால் லுவா_கால்கே ஆக மாற்றித் தொடர்ச்சி ஃபங்ஷன் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் யீல்டை அங்கிருந்து வெளியே நகர்த்துவதைத் தவிர வழியில்லை.

மாட்யூல் ஏறவில்லை: "அன்டிஃபைன்ட் சிம்பல்", "வெர்ஷன் மிஸ்மாட்ச்"

லினக்ஸில் லுவாவைச் செயலிக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்த்தால், வெளியிலிருந்து ஏறும் சி மாட்யூலுக்கு அதன் பெயர்கள் தெரிவதற்கு லிங்கரில் எக்ஸ்போர்ட்-டைனமிக் கொடி வேண்டும். இல்லாவிட்டால் லுவா_புஷ்ஸ்டிரிங்கையே காணோம் என்று சொல்லும். மாட்யூலுக்குள் இன்னொரு லுவாவைச் சேர்த்து இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒரே செயலியில் இரண்டு நகல் என்றால் முன்பகுதியில் சொன்ன காரணமற்ற விழுகைதான். "வெர்ஷன் மிஸ்மாட்ச்" பைனரி கோப்பைப் பற்றி வந்தால், 5.3இல் முன்கூட்டிக் கம்பைல் செய்த ஸ்கிரிப்ட் 5.4க்கு வந்திருக்கிறது. பைட்கோடு பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெட்டுப்போன பைட்கோடை லுவா சோதிப்பதும் இல்லை, செயலியையே வீழ்த்தக்கூடியது. ஏற்றும்போது லுவாஎல்_லோட்பஃபர்எக்ஸின் மோடை உரை மட்டும் என்று வையுங்கள்.

வாங்குபவர் உரிமம் கேட்கிறார்

2003இல் வந்த 5.0 முதல் லுவா எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, லுவாஜிட்டும் அப்படியே. விற்கலாம், மூலத்தை வெளியிட வேண்டியதில்லை, லுவாவிலேயே மாற்றம் செய்தாலும் சொல்ல வேண்டியதில்லை. செய்ய வேண்டியது, ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய பதிப்புரிமை வரியையும் அனுமதிப் பத்தியையும் மென்பொருளோடு போகும் உரிமக் கோப்பில் அப்படியே வைப்பது. இறக்கிச் சேர்த்த ஒவ்வொரு மாட்யூலின் உரிமமும் தனி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்னொன்று, சோதிக்க வசதியாக இருக்கிறதென்று லினக்ஸ் பொதியில் தனி லுவா கட்டளை நிரலையும் சேர்த்து அனுப்புவார்கள். அது ரீட்லைன் நூலகத்தோடு கட்டப்பட்டிருந்தால் ஜிபிஎல் (மூலத்தையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்) உள்ளே வந்துவிடுகிறது. நூலகம் மட்டும் போதும். அந்த நிரலைப் பொதியிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது ரீட்லைன் இல்லாமல் கட்டுங்கள்.